'பரபரப்பு ஏற்பட்டது' என்றால் உண்மையில் என்ன நடந்தது?

கல்யாணப் பத்திரிகையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை யாரும் படிப்பதில்லை. 'நிகழும் மங்களகரமான' என்று தொடங்கி 'சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை வாழ்த்தியருள' வரை எல்லா வீட்டுப் பத்திரிகையிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்தான். கண் அதையெல்லாம் தாண்டி நாலே இடத்தில் நிற்கும்: பெண் யார், மாப்பிள்ளை யார், எந்த மண்டபம், முகூர்த்தம் எத்தனை மணிக்கு. மற்ற வரிகள் மரியாதைக்காக அச்சடிக்கப்பட்டவை. சடங்கு அப்படித்தான் இருக்கும், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

செய்தித்தாளையும் இப்போது நாம் அப்படித்தான் படிக்கிறோம். 'தகவலறிந்து சம்பவ இடத்துக்கு விரைந்து வந்த போலீசார்' என்ற இடம் வந்ததும் கண் தானாக அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறது. 'அப்பகுதியில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியுள்ளது' என்று முடிந்தால், முடிந்துவிட்டது என்பது மட்டும் புரிகிறது. பரபரப்பில் யார் என்ன செய்தார்கள் என்று கேட்க நமக்குத் தோன்றுவதே இல்லை.

செய்தித் தமிழைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் ஆளுக்கொரு குறை சொல்வார்கள். ஆங்கிலக் கலப்பு அதிகம் என்பார் ஒருவர். வாக்கியம் நீளம் என்பார் இன்னொருவர். எழுதினதையே எழுதுகிறார்கள் என்பார் மூன்றாமவர். இவை வேறு வேறு பிரச்சினைகள். கடைசியாகச் சொன்னதை மட்டும் இங்கே பார்க்கலாம். அதற்குள்ளேயே மூன்று வகை ஒளிந்திருக்கிறது.

ஒரே பெயரில் திட்டு வாங்கும் மூன்று பேர்

முதலாவது மிகைச்சொல். ஒரு சொல் ஏற்கெனவே சொல்லிவிட்ட பொருளைப் பக்கத்துச் சொல்லும் சொன்னால் அது மிகைச்சொல். பேச்சில் 'நடு சென்டர்', 'கேட்டு வாசல்', 'ஏடிஎம் மெஷின்' என்கிறோமே, அந்த வகை. செய்தியில் இது கொஞ்சம் உடை மாற்றிக்கொண்டு வரும். 'கர்ப்பிணிப் பெண்' என்பதில் கர்ப்பிணி என்றாலே பெண்தான். 'இறந்தவரின் சடலம்' என்பதில் உயிரோடு இருப்பவருக்குச் சடலம் ஏது? 'சுமார் 50-க்கும் மேற்பட்டோர்' என்பது இன்னும் வேடிக்கை. 'சுமார்' என்றால் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கலாம். 'மேற்பட்டோர்' என்றால் குறைய வாய்ப்பே இல்லை. இரண்டும் ஒரே எண்ணின் இரண்டு பக்கமும் நின்று எதிரெதிராக இழுக்கின்றன. 'சுமார் 6 மணியளவில்' என்பதும் அதே குடும்பம். 'சுமார்' சொல்வதையேதான் 'அளவில்' என்பதும் சொல்கிறது.

இரண்டாவது தேய்வழக்கு. முதல்முறை சொன்னபோது படமாகத் தெரிந்து, ஆயிரம் முறை சொன்ன பிறகு படமே மறைந்துபோன தொடர். 'அனல் பறக்கும் பிரசாரம்', 'சூறாவளிச் சுற்றுப்பயணம்', 'வலை வீசித் தேடி வருகின்றனர்', 'கூட்டம் அலைமோதியது'. இவற்றை முதன்முதலில் எழுதியவருக்குக் கற்பனை இருந்திருக்கிறது. இன்று படிப்பவர் யாருக்கும் வலையும் தெரிவதில்லை, அலையும் தெரிவதில்லை. மிகைச்சொல்லை எடுத்துவிட்டால் பொருள் அப்படியே மிஞ்சும். தேய்வழக்கை எடுத்தால் அந்த இடம் வெறுமையாக நிற்கும், ஏனென்றால் அங்கே எழுதியிருக்க வேண்டிய தகவல் எழுதப்படவே இல்லை.

மூன்றாவதை வாய்பாட்டுத் தொடர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு துறையில் அடிக்கடி நடக்கும் ஒன்றைக் குறிக்க வழக்கமாகிவிட்ட வாசகம். 'புயல் கரையைக் கடந்தது', 'வழக்குப் பதிவு செய்தனர்', 'நிபந்தனை ஜாமீன் வழங்கி உத்தரவிட்டது'. இவையும் திரும்பத் திரும்ப வருபவைதான். ஆனால் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒரு நிகழ்வைச் சுட்டுகிறது. 'புயல் கரையைக் கடந்தது' என்று நூறு முறை படித்திருந்தாலும், இன்று கடந்துவிட்டதா இல்லையா என்பது கடலூர்க்காரருக்குத் தெரிந்தாக வேண்டிய விஷயம். சலித்துப்போனது என்பதற்காக இதை மாற்றி 'புயல் நிலமகளைத் தழுவியது' என்று எழுதினால் அது இன்னும் பெரிய தொல்லை.

ஆக, அடிக்கடி வருகிறது என்பது மட்டும் ஒரு தொடரைக் குற்றவாளி ஆக்காது. அது எதையாவது சொல்கிறதா என்பதுதான் கேள்வி. அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சொல் எப்போது தகவல் தருகிறது

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த கணிதவியலாளர் கிளாட் ஷானன், 1948-இல் தகவல் என்பதை அளக்க ஒரு வழி சொன்னார். அதன் கணக்கு நமக்கு வேண்டாம். அடிப்படைக் கருத்து எளிமையானது. ஒரு செய்தி எவ்வளவு எதிர்பாராததோ அவ்வளவு தகவல் அதில் இருக்கிறது. கேட்பவருக்கு முன்கூட்டியே நிச்சயமாகத் தெரிந்ததைச் சொன்னால், அதில் உள்ள தகவல் பூஜ்யம். 'நாளை சூரியன் உதிக்கும்' என்பது உண்மைதான், யாரும் அதைத் தலைப்புச் செய்தி ஆக்க மாட்டார்கள்.

இதைச் செய்தி வாக்கியத்தின் மேல் வைத்துப் பார்க்க ஒரு சின்ன வழி இருக்கிறது. சந்தேகப்படும் சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அதன் எதிர்ச்சொல்லைப் போடுங்கள். வருகிற வாக்கியத்தை எந்தப் பத்திரிகையாவது என்றைக்காவது அச்சிடுமா?

'தீவிர விசாரணை நடத்தி வருகின்றனர்' என்பதை எடுத்துக்கொள்வோம். 'மந்தமான விசாரணை நடத்தி வருகின்றனர்' என்று எழுதப்போவதில்லை. எல்லா விசாரணையும் தீவிரம் என்றால், 'தீவிர' என்ற சொல் ஒரு விசாரணையை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டவில்லை. 'எதிர்பாராதவிதமாக விபத்து ஏற்பட்டது' என்பதும் அப்படியே. எதிர்பார்த்து ஏற்பட்டால் அதற்கு வேறு பெயர், வேறு சட்டப்பிரிவு. 'பரிதாபமாக உயிரிழந்தார்', 'சிறப்பாகக் கொண்டாடப்பட்டது', 'வெகு விமரிசையாக நடைபெற்றது' எல்லாம் இந்தச் சோதனையில் தோற்கும். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கோயில் கொடை விழாவாவது சுமாராக நடந்ததாக இதுவரை செய்தி வந்ததில்லை.

இனி ஒரு எதிர் உதாரணம். 'சம்பவ இடத்திலேயே உயிரிழந்தார்'. இதுவும் காதுக்குப் பழகிப்போன தொடர்தான். ஆனால் எதிர்ச்சொல் போட்டால் 'மருத்துவமனையில் உயிரிழந்தார்' என்று வருகிறது. அதுவும் தினமும் நடப்பதுதான். எனவே இந்தத் தொடர் பிழைத்துக்கொள்கிறது. ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்ற தகவல் அதில் இருக்கிறது.

சுருக்கமாக: எதிர்ச்சொல் போட்டாலும் நடக்கக்கூடிய வாக்கியம் கிடைத்தால் அந்தச் சொல் வேலை செய்கிறது. கேலிக்கூத்தான வாக்கியம் கிடைத்தால் அது சும்மா உட்கார்ந்திருக்கிறது.

ஒரு விபத்துச் செய்தியைப் பிரித்துப் பார்த்தால்

கீழே உள்ளது எந்த நாளிதழிலும் வந்தது இல்லை, உதாரணத்துக்காக நானே கட்டியது. ஆனால் இதை எங்கோ படித்தது போல உங்களுக்குத் தோன்றும்.

'நேற்று மாலை சுமார் 6 மணியளவில் அதிவேகமாக வந்த லாரி எதிர்பாராதவிதமாக இருசக்கர வாகனத்தின் மீது பயங்கரமாக மோதியது. இந்தக் கோர விபத்தில் தூக்கி வீசப்பட்ட வாலிபர் ரத்த வெள்ளத்தில் துடிதுடித்து சம்பவ இடத்திலேயே பரிதாபமாக உயிரிழந்தார். தகவலறிந்து சம்பவ இடத்துக்கு விரைந்து வந்த போலீசார் உடலைக் கைப்பற்றி பிரேத பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தனர். இதுகுறித்து வழக்குப் பதிவு செய்து தீவிர விசாரணை நடத்தி வருகின்றனர். இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் சோகத்தை ஏற்படுத்தியுள்ளது.'

'பயங்கரமாக', 'கோர', 'பரிதாபமாக', 'பெரும்' என்ற நான்கும் எழுதுபவரின் உணர்ச்சி. எதிர்ச்சொல் சோதனையில் உடனே விழுந்துவிடும். 'துடிதுடித்து' என்பதை யார் பார்த்தது? நிருபர் அங்கே இல்லை. பார்த்தவர் சொன்னதாகவும் எழுதவில்லை. இறந்தவரின் அம்மா மறுநாள் இந்த வரியைப் படிப்பார் என்பதை நினைத்தால் எனக்கு இந்தச் சொல்லின் மேல்தான் கோபம் அதிகம்.

'விரைந்து வந்த' என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. போலீஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதினால் அது தகவல். 6 மணி விபத்துக்கு 6.15-க்கு வந்தார்களா, 7.30-க்கு வந்தார்களா? 'விரைந்து' என்று போட்டுவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. நேரம் நிற்க வேண்டிய இடத்தில் பாராட்டு நிற்கிறது.

'உடலைக் கைப்பற்றி பிரேத பரிசோதனைக்கு அனுப்பி வைத்தனர்' என்பது நடைமுறையின் சுருக்கம். விபத்து, தற்கொலை, கொலை போன்ற மரணங்களில் போலீசார் நேரில் போய் உடலைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும் என்பது சட்டம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆவது பிரிவு. உடல் பிரேத பரிசோதனைக்குப் போவதும் வழக்கமாக நடப்பதே. அனுப்பாமல் விட்டால், அல்லது உறவினர்கள் உடலை வாங்க மறுத்தால், அதுதான் செய்தி.

இப்போது 'அதிவேகமாக வந்த லாரி'. இந்தச் சொல்லை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள், ஏனென்றால் அது உண்மைத் தகவல் போலவே இருக்கிறது. ஆனால் அந்த லாரியின் வேகத்தை யார் அளந்தார்கள்? நம் ஊர் முதல் தகவல் அறிக்கைகளில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்று ஒரு வாசகம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அலட்சியமாக வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்கும் பிரிவில் வழக்குப் போட வேண்டுமானால் சட்டம் கேட்கும் அம்சங்களைப் புகாரில் காட்ட வேண்டும். அதற்காக எழுதப்படும் வாசகம் அது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 279, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 281. அதாவது அது நீதிமன்றத்தில் இனிமேல்தான் நிரூபிக்கப்பட வேண்டிய குற்றச்சாட்டு. செய்தியில் ஏறும்போது 'அஜாக்கிரதையாக' உதிர்ந்துவிடுகிறது. 'அதிவேகமாக' மட்டும் நடந்த உண்மையாகி நிற்கிறது.

சொன்னவற்றையெல்லாம் வெட்டினால் மிஞ்சுவது இவ்வளவுதான்: 'நேற்று மாலை 6 மணியளவில் லாரி மோதியதில் இருசக்கர வாகனத்தில் சென்ற வாலிபர் சம்பவ இடத்திலேயே உயிரிழந்தார். போலீசார் வழக்குப் பதிவு செய்துள்ளனர்.' ஐந்து வாக்கியம் இரண்டாகிவிட்டது. குட்டையாகிவிட்ட பிறகுதான் ஓட்டைகள் தெரிகின்றன. எந்த இடம்? அங்கே தெருவிளக்கு எரிந்ததா? சாலையின் நடுத்தடுப்பில் இடைவெளி விட்டிருந்தார்களா? ஹெல்மெட்? லாரி ஓட்டுநர் என்ன ஆனார்? அதே இடத்தில் இதற்கு முன் விபத்து நடந்ததா? ஐந்து வாக்கியம் நீளமாக இருந்தபோது இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட நம் மனதில் எழவில்லை.

நான் சொல்ல வருவதும் இதைத்தான். நைந்த தொடர்களை மொழியழகுக் குறையாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். விசாரிக்காமல் விட்ட ஒன்றை அவை மூடி வைக்கின்றன.

இவை எங்கிருந்து வருகின்றன

நிருபர்களுக்குத் தமிழ் தெரியாது என்று சொல்வது சுலபம். உண்மையான காரணம் பெரும்பாலும் செய்தி வந்து சேரும் வழியில் இருக்கிறது.

மாவட்டச் செய்தியில் பெரும்பகுதி காவல் நிலையத்திலிருந்தும் அரசு அலுவலகங்களிலிருந்தும் எழுத்தாகவே வருகிறது. இப்போது அது வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகிறது. எழுதியவர் அலுவலர், எழுதிய நோக்கம் கோப்பு. அதில் உள்ள சொற்கள் அப்படியே பக்கத்துக்குப் போகின்றன. இந்த வகையில் எனக்குத் தெரிந்து மிகத் தந்திரமான தொடர் 'லேசான தடியடி'. லேசு என்று அளந்தது அடித்தவர். அடி வாங்கியவரைக் கேட்டால் வேறு அளவு சொல்வார். 'லேசான தடியடி நடத்திக் கூட்டத்தைக் கலைத்தனர்' என்று எழுதும் நிருபர், தான் ஒரு தரப்பின் சொல்லைக் கடன் வாங்கியிருக்கிறோம் என்பதை உணர்வதுகூட இல்லை. எத்தனை பேர் மருத்துவமனைக்குப் போனார்கள் என்று எழுதினால், லேசா பலமா என்பதை வாசகரே முடிவு செய்துகொள்வார்.

இலங்கைத் தமிழ்ச் செய்திகளிலும் இதே கதைதான், தொடர்கள் மட்டும் வேறு. 'குறித்த நபர்', 'குறித்த சம்பவம்', 'மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் முன்னெடுத்து வருகின்றனர்'. ஒரே பத்தியில் நான்கு 'குறித்த' வரும். பத்திரப் பதிவில் 'மேற்படி' செய்யும் வேலையை இங்கே அது செய்கிறது. பத்திரத்தில் ஆள் மாறாட்டம் வந்துவிடக் கூடாது என்று பயம் இருக்கிறது. நாலு வரிச் செய்தியில் இருப்பதே ஒரு நபர்தான்.

அடுத்த காரணம் செய்தியின் வடிவம். முக்கியமானதை முதலில் சொல்லி, முக்கியம் குறையக் குறைய கீழே தள்ளிக்கொண்டு போகும் அமைப்பைத் தலைகீழ்ப் பிரமிடு என்பார்கள். இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்டலாம் என்பது இதன் வசதி. பின்னணித் தகவல்கள் கடைசியில்தான் வரும். அவற்றை மேலே உள்ளவற்றோடு ஒட்டவைக்கத் தமிழ்ச் செய்தி கண்டுபிடித்த பசைதான் 'என்பது குறிப்பிடத்தக்கது'. 'இவர் ஏற்கெனவே இரண்டு முறை சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.' குறிப்பிடத்தக்கது என்பதால்தானே குறிப்பிட்டீர்கள்? 'இவர் ஏற்கெனவே இரண்டு முறை சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர்' என்று முற்றுப்புள்ளி வைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

தொலைக்காட்சி நேரலை தனி உலகம். மழையில் குடையோடு நிற்கும் நிருபரிடம் ஸ்டூடியோ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'அங்கே என்ன நிலவரம்' என்று கேட்கிறது. நிலவரம் பத்து நிமிடம் முன்பு இருந்ததேதான். வாய் மூடினால் திரை வெறிச்சோடிவிடும். 'மழையானது தொடர்ச்சியாகப் பெய்து வரக்கூடிய ஒரு சூழலை நம்மால் பார்க்க முடிகிறது' என்பது அப்படிப் பிறந்த வாக்கியம். 'மழை பெய்கிறது' என்ற இரண்டு சொல்லுக்கு ஒன்றரை விநாடி போதும். இதற்கு ஐந்தாறு விநாடி பிடிக்கும், அதற்குள் அடுத்து என்ன சொல்வது என்று யோசித்துக்கொள்ளலாம். பேச்சில் இதை மன்னிக்கலாம். அதே 'ஆனது' இப்போது எழுத்துக்கும் குடியேறி, 'கூட்டமானது நடைபெற்றது', 'விபத்தானது ஏற்பட்டுள்ளது' என்று உட்கார்ந்துகொண்டிருக்கிறது. யோசிக்க நேரம் வேண்டும் என்ற சாக்கு எழுத்தில் செல்லாது.

தந்தியில் செய்தி அனுப்பிய காலத்தில் சொல்லுக்குச் சொல் காசு. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் மூடப்பட்டது. அதற்கு வெகுமுன்பே செய்தி அனுப்புவது இலவசமாகிவிட்டது. இணையதளத்தில் இடத்துக்கும் பஞ்சம் இல்லை. சொல்லை மிச்சப்படுத்த வெளியிலிருந்து வந்த நெருக்கடி போய்விட்டது. மாறாக, பக்கம் நீண்டால் விளம்பரத்துக்கு இடம் கூடுகிறது.

வினையை ஒளித்து வைக்கும் வாக்கியம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், சின்ன விஷயம்தான். 'ஆய்வு செய்தார்' என்றால் போதுமான இடத்தில் 'ஆய்வு மேற்கொண்டார்', 'கேட்டனர்' என்ற இடத்தில் 'கோரிக்கை விடுத்தனர்', 'மறித்தனர்' என்ற இடத்தில் 'மறியல் போராட்டத்தில் ஈடுபட்டனர்'. நடந்த செயலைப் பெயர்ச்சொல்லாக்கிவிட்டு, பின்னால் ஒரு பொது வினையைத் தொங்கவிடுவதைப் பெயராக்கம் எனலாம். நீளம் கூடுவது சின்னக் குறை. பெரிய குறை, அதோடு '-ப்பட்டது' என்ற செயப்பாட்டு வினையும் சேரும்போது செய்தவர் மறைவது. 'துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது', 'மரங்கள் அகற்றப்பட்டன', 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்'. யார் சுட்டது, யார் வெட்டியது, யார் எடுப்பார், எப்போது? வாக்கியம் முடிந்துவிட்டது, கேள்விகள் மட்டும் மிச்சம்.

வெட்டக் கூடாதவை

மிகையைக் கண்டால் வெட்டும் பழக்கம் வந்துவிட்டால் சில நல்லவையும் கத்தியில் மாட்டும்.

'ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்' என்ற வானிலை அறிவிப்பைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. மழுப்பல் என்று நினைக்கிறார்கள். அது அளவு குறிக்கும் கலைச்சொல். ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகும் என்று எதிர்பார்த்தால் வானிலைத் துறை அப்படிச் சொல்கிறது. அதேபோல 'கனமழை', 'மிக கனமழை', 'அதி கனமழை' மூன்றும் உணர்ச்சியின் படிகள் அல்ல. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. 'ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்பதில் 'ஆழ்ந்த' வெறும் அலங்காரம் என்று நினைத்து உதவி ஆசிரியர் வெட்டினால், காற்றின் வேகத்தில் ஒரு படியையே வெட்டிவிட்டார் என்று பொருள்: தாழ்வு மண்டலத்துக்கு 17 முதல் 27 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர்), ஆழ்ந்த தாழ்வு மண்டலத்துக்கு 28 முதல் 33 நாட், 34 ஆனால் புயல். சிக்கல் எதிர்ப்பக்கத்தில்தான் வருகிறது. நாலு தெருவில் தண்ணீர் நின்றதும் 'கனமழை கொட்டித் தீர்த்தது' என்று தலைப்புப் போட்டால், அளவுள்ள ஒரு சொல் தேய்வழக்காகத் தேய்கிறது.

'குற்றம் சாட்டப்பட்டவர்', 'திருடியதாகக் கூறப்படுகிறது' ஆகியவையும் அப்படியே. சுற்றி வளைப்பது போலத் தோன்றினாலும், தீர்ப்பு வராத ஒருவரைத் 'திருடன்' என்று எழுதினால் அவதூறு வழக்கு வரும், அதைவிட முக்கியமாக அது உண்மையாகவும் இருக்காது. ஆனால் இந்தக் கவசத்தைத் தேவையில்லாத இடத்திலும் மாட்டுகிறார்கள். 'நேற்று மழை பெய்ததாகக் கூறப்படுகிறது' என்று எழுதுபவர் ஜன்னலைத் திறந்து பார்க்கலாம்.

மொழியே சில இடங்களில் மிகையைக் கட்டாயமாக்குகிறது. 'அவர்கள் வந்தார்கள்' என்பதில் 'வந்தார்கள்' ஒன்றே பலர் என்பதைச் சொல்லிவிடுகிறது. ஷானன் இதையும் கவனித்தார்: எந்த மொழியிலும் இப்படிப்பட்ட உபரி உண்டு, இரைச்சலில் ஒரு சொல் காதில் விழாமல் போனாலும் மற்றது காப்பாற்றும். நம் இலக்கணக்காரர்களுக்கும் இந்த வேறுபாடு தெரிந்தே இருந்தது. 'மீமிசை' என்பதில் 'மீ', 'மிசை' இரண்டுக்கும் மேல் என்றே பொருள். சிறப்புக்காக வரும் இத்தகைய ஒருபொருட்பன்மொழியை நன்னூல் ஏற்கிறது. அதே நன்னூல், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களில் 'மிகைபடக் கூறல்', 'கூறியது கூறல்' இரண்டையும் சேர்க்கிறது. அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது 'குன்றக் கூறல்', வேண்டியதைவிடக் குறைத்துச் சொல்வது. மேலே பார்த்த லாரி விபத்துச் செய்தி குன்றக் கூறல், மிகைபடக் கூறல் என்ற இரண்டு குற்றத்தையும் ஒரே மூச்சில் செய்கிறது.

செய்தியையே தவறாக்குபவை

பெரும்பாலான தேய்வழக்குகள் சும்மா இடத்தை அடைப்பவை. சில அப்படியல்ல, அவை தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன.

'மர்மக் காய்ச்சல்' என்பது பெரும்பாலும் ரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை என்பதன் வேறு பெயர். பத்து நாளில் அது டெங்கு என்றோ எலிக்காய்ச்சல் என்றோ தெரியவரும். மர்மம் தீர்ந்த செய்தி வந்தால் ஆறாம் பக்கத்தில் வரும். 'கள்ளக்காதல் விவகாரம்' என்று தலைப்பிட்டால், கொலை செய்யப்பட்டவர் மேல் பாதிப் பழியைப் போட்டுவிட்டுத்தான் செய்தியே தொடங்குகிறது. 'தேர்வில் தோல்வி, மாணவர் விபரீத முடிவு' என்ற வாய்பாடு, பல காரணங்கள் பின்னிய ஒரு மரணத்தை ஒற்றைக் காரணத்தில் அடைக்கிறது. அப்படி எழுத வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கான தன் வழிகாட்டுதலில் கேட்டுக்கொள்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தொழிலதிபர் 'காலமானார்'. தலைவர் 'மறைந்தார்'. மடாதிபதி 'முக்தி அடைந்தார்'. சாக்கடைக் குழியில் இறங்கிய தொழிலாளி மட்டும் 'பலி'. தலைப்பில் இடம் சிறியது, இரண்டெழுத்துச் சொல் வசதி என்பார்கள். தொழிலதிபருக்கும் அதே தலைப்பு அகலம்தானே?

செய்தியைத் திருத்தும் டெஸ்க்கில் செய்யக்கூடியது

வெட்டிய பிறகு செய்தி இரண்டு வரியாகிவிட்டால் என்ன செய்வது என்று புதிதாக வரும் நிருபர்கள் கேட்பார்கள். இரண்டு வரியாகவே போடலாம். துணுக்குச் செய்திகளுக்கு எல்லாப் பத்திரிகையிலும் ஒரு பத்தி இருக்கிறது.

இடத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்றால் வெட்டிய ஒவ்வொரு தொடரும் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைக் காட்டிக்கொடுக்கும். 'விரைந்து வந்த' என்றால் உதவி ஆய்வாளரிடம் வந்த நேரம். 'அதிவேகமாக' என்றால் பக்கத்து டீக்கடைக்காரர் பார்த்தது என்ன, அந்தச் சாலையில் வேகக் கட்டுப்பாடு எவ்வளவு. 'எதிர்பாராதவிதமாக' என்றால் நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு போன்: அந்த இடைவெளியை மூடச் சொல்லி மனு ஏதும் வந்திருந்ததா? 'பெரும் சோகம்' என்றால் இறந்தவர் என்ன வேலை பார்த்தார், அன்று மாலை எங்கே போய்க்கொண்டிருந்தார். இதில் இரண்டுக்குப் பதில் கிடைத்தாலே பத்தி நிறைந்துவிடும்.